கூடுதலாக ஐந்து பல்

1.7.2025, செவ்வாய்
சிங்கப்பெருமாள் கோவில்

பிரபு,

நாம் இருவரும் மாறி மாறி எடுக்கும் வண்டியின் டூல்ஸ் பையில் வழக்கமாக நான் வைக்கும் சீட்டில் இரண்டு வரிதான் இருக்கும். பெட்ரோல் ரிசர்வுக்கு வந்துவிட்டது, பின் டயரில் காற்று பார், இப்படி. இன்று நீளமாக எழுதுகிறேன். நீ விழித்திருக்கும் நேரத்தில் என் போன் கம்பெனி கேட் லாக்கரில் கிடக்கும். எனக்கு ஷிப்ட் முடியும்போது உன் போன் உன் கம்பெனி லாக்கருக்குள் போய்விடும். அப்படியே பிடித்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய்.

காலையில் ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டியை எடுத்தேன். அமலா பின்னால் ஏறினாள். எங்கள் கம்பெனிக்குத் திரும்பும் இடத்தில் சர்வீஸ் ரோட்டில் ஒரு ஏற்றம் இருக்கிறதல்லவா, அங்கே லாரிக்காக நின்றுவிட்டு, எப்போதும் போலத்தான் கிளட்சை விட்டேன். முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. ஒரு சாண் இருக்கும். ஹேண்டிலில் எடையே இல்லை. அமலா பின்பக்கமாகச் சறுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே ரோட்டில் விழுந்தாள். பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. நின்றதால் இதை எழுதுகிறேன்.

அமலாவுக்கு இரண்டு உள்ளங்கையும் தேய்ந்துவிட்டன. "இன்னா சுகா, குதிர மாரி எகிறுது உன் வண்டி" என்று சிரித்தாள். இரண்டு நாளைக்குக் கையுறை போட முடியாது என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஷிப்ட் முடிந்து ஸ்டாண்டுக்கு வந்ததும் டோக்கன் கொடுக்கும் ரத்தினம் அண்ணனிடம் கேட்டேன். "பத்து நாளா சத்தமே வேற மாரி கீதும்மா. தம்பி இன்னாவோ மாத்திக்கினான்" என்றார். பத்து நாளாக நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அறுபதிலேயே இன்ஜின் கத்துகிறது என்று நினைத்தேன், யாரிடமும் கேட்கவில்லை. செயின் ஓடும் பின் ஸ்பிராக்கெட்டில் சாக்பீஸால் ஒரு பல்லில் குறி வைத்து, சக்கரத்தைச் சுற்றி எண்ணினேன். நாற்பத்தெட்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் நாற்பத்து மூன்று என்று இருக்கிறது. பின் சக்கர அச்சும் ஒரு விரல் அகலம் முன்னே நகர்ந்திருக்கிறது. பழைய இடத்தில் பளபளவென்று கோடு தெரிகிறது.

ஏன் மாற்றினாய்? ஏன் சொல்லவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

அக்கா

*

2.7.2025

அக்காவுக்கு,

முதலில் இரண்டாவது கேள்வி. சொன்னால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. அமலா அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீ இரண்டு பேரை வைத்து ஓட்டுவாய் என்பதையே நான் யோசிக்கவில்லை. அது என் தப்பு.

இனி முதல் கேள்வி. வாலாஜாபாத் போகிற வழியில் மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. தார் ரோடு இருக்கிறது, கேட் இருக்கிறது, உள்ளே ஒரு வீடுகூட இல்லை. இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேர் அங்கே பின் சக்கரத்திலேயே ஓட்டும் வீலிங் பழகுகிறார்கள். பழக்குகிறவர் கொம்பையா அண்ணன், தென்காசிக்காரர். கல்லூரி விழா, ஷோரூம் திறப்பு என்று கூப்பிடுகிற இடத்தில் போய்ச் செய்து காட்டுவார்கள். ஹெல்மெட், முழங்கால் கவசம் எல்லாம் கட்டாயம். மெயின் ரோட்டில் ஒருவன் முன் சக்கரத்தைத் தூக்கினான் என்று தெரிந்தால் அன்றோடு அவன் குழுவில் இல்லை.

பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூடினால் சக்கரத்துக்கு இழுவை கூடும். அதிக வேகம் போகாமலே முன் சக்கரம் எழும். மெதுவாக எழுந்தால் மெதுவாக நிறுத்தலாம், விழுந்தாலும் அடி குறைவு. ஆபத்துக்காக மாற்றவில்லை அக்கா, ஆபத்தைக் குறைக்கத்தான் மாற்றினேன்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தேர்வு. குழுவில் ஒரு இடம் காலி. செப்டம்பரோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. பதினோரு மாதம் டயர் தூக்கியிருக்கிறேன், என் அடையாள அட்டையில் இன்னும் மணிகண்டன் என்றுதான் இருக்கிறது. திருத்தச் சொன்னால் "போறப்போ பாத்துக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். போன வாரம் கொம்பையா அண்ணன், "ஏல பிரபு, இன்னைக்கு நல்லா நிறுத்துனல" என்றார். எட்டுப் பேர் முன்னால்.

நீ கிளட்சை மெதுவாக விடு. இரண்டு நாளில் பழகிவிடும்.

பிரபு

*

4.7.2025

பிரபு,

பழகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். பழகிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் பழகியிருப்பேன்.

எங்கள் லைனில் ஒரு வெட்டும் டூலை மாற்றினால்கூட மெஷினில் மஞ்சள் கார்டு தொங்கவிட வேண்டும். என்ன மாற்றியது, மாற்றியவர், சரிபார்த்தவர் என்று மூன்று இடம் இருக்கும். மூன்றாவது இடத்தில் என் கையெழுத்து விழாமல் யாரும் மெஷினை ஓட்ட முடியாது. என் வேலையே அதுதான். நாள் முழுவதும் யாரோ மாற்றியதை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து நம் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் பதினான்கு பல், பின்னால் நாற்பத்தெட்டு. முன்பைவிட இழுவை ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு கூடுகிறது. அது நீ சொன்ன மாதிரிதான். ஆனால் பழைய செயினையே மாட்டியதால் சக்கரம் முன்னால் வந்துவிட்டது. வண்டியின் நீளம் குறைந்திருக்கிறது. தூக்குவதற்கு அது சுலபம், தூக்கிய பிறகு நிலையாக நிற்பதற்குச் சுலபமில்லை. உன் கொம்பையா அண்ணன் இதைச் சொன்னாரா?

ஞாயிறு பழகி முடித்ததும் நாற்பத்து மூன்றை மாட்டிவிடு. அல்லது இதையே விட்டுவிடு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதை மட்டும் எழுத தைரியம் வரவில்லை, அதனால் அல்லது என்று போட்டேன்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. நீ என் தம்பி. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா

*

7.7.2025

அக்காவுக்கு,

ஒவ்வொரு வாரமும் கழற்றி மாட்ட முடியாது. ஓ.டி. முடிந்து வந்தால் எனக்குக் கை தூக்க வராது. இருபதாம் தேதி வரை பொறு. அதுவரை ஷேர் ஆட்டோவில் போ.

வீட்டில் ஒரு ஆளைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா சொன்ன அன்று, நான் சரி என்றேன். நீ மார்க் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் எனக்கென்று ஒன்று வரும்போது கணக்குப் போட்டு எழுதுகிறாய். ஒன்பதில் ஒரு பங்கு. அந்த ஒன்பதில் ஒன்றுதான் அக்கா எனக்குக் கிடைத்தது.

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் எடுத்துவிடுவேன். அதுவரை சீட்டும் வைக்காதே, நான் பிரிக்க மாட்டேன்.

பிரபு

*

21.7.2025, திங்கள்
இசக்கி கையில் கொடுத்தது

பிரபு,

வண்டி ஸ்டாண்டில் இல்லை. ரத்தினம் அண்ணன், "நேத்து காலைல நைட்டு ஷிப்டு முட்சிகினு நேரா வந்தான்மா, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சி, எட்துகினு பூட்டான்" என்றார். உன் போன் அணைந்திருக்கிறது. பிளாக் செய்தாலும் மணி அடிக்கும் என்கிறாள் அமலா, இதில் அதுவும் இல்லை.

உன் அறைக்கு வந்தேன். பூட்டியிருந்தது. உன்னோடு தங்கியிருக்கும் இசக்கி மத்தியானம் வருவான் என்று கீழ்வீட்டு அம்மா சொன்னார்கள். படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கே இருந்தாலும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. ஒருவேளை நீ இன்னும் வண்டி ஓட்டவில்லை என்றால், ஓட்டாதே. காரணம் நேரில் சொல்கிறேன்.

அக்கா

*

30.7.2025
கோவில்பட்டி

அக்காவுக்கு,

இது இடக்கை எழுத்து, வலது தோளில் கட்டுப் போட்டிருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆகிறது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கிறாள். அவள் போனில் உன்னோடு பேச முடியாது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். மணலில் சறுக்கி விழுந்தேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் நீ வந்து கட்டில் காலையே பார்த்துக்கொண்டு நின்றாய். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

குழுவில் ஒரு விதி உண்டு. ஓட்டுவதற்கு முன்னால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, செயின் எவ்வளவு தொய்வு, பல் எத்தனை, காற்று எவ்வளவு என்று பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அன்று நான் இரண்டு ஷிப்ட் முடித்து நேராகப் போயிருந்தேன். குனிந்து பார்க்கவில்லை. "பல்லு நாப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு ஏறினேன். வரும் வழியிலேயே வண்டி கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தது. பெட்ரோல் சரியில்லை என்று நினைத்தேன்.

முதல் தடவை முன் சக்கரம் எழவில்லை. இரண்டாவது தடவையும் எழவில்லை. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது தடவை வேகத்தைக் கூட்டி, கிளட்சை அடித்து விட்டேன். எழுந்தது. ஆனால் எனக்குப் பழக்கமான வேகமில்லை. பிரேக்குக்குக் கால் போவதற்குள் வண்டி சமநிலையைத் தாண்டிவிட்டது. நான் பின்னால் விழுந்தேன். வண்டி தனியாகக் கொஞ்ச தூரம் போனது.

கொம்பையா அண்ணன் என் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வண்டியை நிமிர்த்தி, பின் சக்கரத்தைப் பார்த்தார். "ஏல, இது எத்தன பல்லு?" நாற்பத்தெட்டு என்றேன். "இசக்கி, எண்ணுல." என் அறை இசக்கியும் குழுவில்தான் இருக்கிறான், அவன் எண்ணினான். நாற்பத்து மூன்று.

மாற்றியது நீ. அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் நீ எழுதி வைக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. சீட்டு டூல்ஸ் பையில்தான் இருந்திருக்கும். பிரிக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் நான்தான். பிறகு இசக்கியைத் தேடச் சொன்னேன், கிடைக்கவில்லை. வண்டி சறுக்கியபோது இருக்கை கழன்று கிடந்ததாம், சீட்டு பறந்திருக்கும்.

அண்ணன் ஆஸ்பத்திரி வரை வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போது, "பாக்காம சொல்லுதவன் நமக்கு வேண்டாம்டே" என்றார். சரிதான்.

பிரபு

*

5.8.2025

பிரபு,

கடிதம் வந்தது. தோளை அசைக்காதே. கட்டை ஒழுங்காகப் போட்டிருக்கிறாயா? வண்டியைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். ஹேண்டில் வளைந்திருக்கிறது, டேங்கில் ஒரு பள்ளம்.

நடந்ததைப் பற்றி இப்போது யோசிக்காதே. யார் தப்பு என்பதை உடம்பு தேறிய பிறகு பேசலாம். இங்கே மழை.

அமலா உன்னை விசாரித்தாள். அவளுக்குக் கை ஆறிவிட்டது.

அக்கா

*

11.8.2025

அக்காவுக்கு,

மழையைப் பற்றி நீ எனக்கு எழுதியதே இல்லை.

நீ என் மேல் கோபமாக இருக்கிறாய், அதைக் காட்டாமல் எழுதுகிறாய் என்று நினைக்கிறேன். காட்டிவிடு. அந்தக் குழுவில் இனி இடம் கேட்க மாட்டேன், கொம்பையா அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அக்கா எச்சரித்து எழுதி வைத்திருந்தும் நான் படிக்கவில்லை, என் திமிர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறேன். எட்டுப் பேரும் படிக்கட்டும்.

படுத்தால் அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. அந்த மனையில் எங்கேயோ முள்ளில் மாட்டி நனைந்துகொண்டிருக்கும். அதில் என்ன எழுதியிருந்தாய்? அதை மட்டும் சொல்.

பிரபு

*

16.8.2025

பிரபு,

அந்தச் சீட்டு நனையவில்லை. என் கைப்பையில் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிடு, பிறகு இதைப் படி.

"19.7.2025, சனி. பிரபு, இன்று மத்தியானம் பின் ஸ்பிராக்கெட்டை நாற்பத்து மூன்றுக்கு மாற்றிவிட்டேன். சக்கரம் பழைய கோட்டுக்கே போய்விட்டது. உன்னுடைய நாற்பத்தெட்டு என் அலமாரியில் இருக்கிறது. வண்டி இனி நீ பழகிய மாதிரி எழாது. நாளைக்கு இதில் முயற்சி செய்யாதே. கோபப்படு, ஆனால் முயற்சி செய்யாதே. அக்கா."

நல்ல சீட்டு. தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. அதை டூல்ஸ் பைக்குள் வைத்து இருக்கையை மூடினேன். ஸ்டேஷன் வாசல் வரை நடந்தேன். திரும்பி வந்து, இருக்கையைத் திறந்து, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நீ படித்தால் ஞாயிறு காலையிலேயே யாரிடமாவது ஒரு நாற்பத்தெட்டு வாங்கி மாட்டிவிடுவாய் என்று நினைத்தேன். படிக்காவிட்டால், முன் சக்கரம் எழாது, அவர்கள் உன்னை அனுப்பிவிடுவார்கள், நீ அறைக்குத் திரும்பி என்னைத் திட்டுவாய், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். எழாவிட்டால் நீ இன்னும் பலமாகத் தூக்கிப் பார்ப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது தோன்றியிருக்க வேண்டும்.

மாற்றிக் கொடுத்தவர் மறைமலை நகர் மெக்கானிக் செந்தமிழன். அவர் கேட்டார், "தம்பிக்குத் தெரியுமாம்மா?" தெரியும் என்றேன். "இல்ல, சாவிக்கொத்துலயாச்சும் ஒரு துணி கட்டி வுடு. ஓட்றவனுக்குத் தெரியணும்ல" என்று, கையைத் துடைத்த துணியிலேயே ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அதையும் பையில் போட்டுக்கொண்டேன். அதுவும் இருக்கிறது. எண்ணெய்க் கறை என்பதால் கடிதத்தோடு வைக்கவில்லை.

நீ எனக்குச் சொல்லாமல் மாற்றியபோது அமலாவுக்குக் கை தேய்ந்தது. நான் மஞ்சள் கார்டைப் பற்றி உனக்கு வகுப்பு எடுத்தேன். பிறகு அதையே செய்தேன். என் பின்னால் ஒருத்தி ஏறுவாள் என்று நீ யோசிக்கவில்லை, நீ ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். போன கடிதத்தில் சொல்லியிருக்கலாம். நீயாகவே பழியை எடுத்துக்கொண்டாய், எனக்கு அது வசதியாக இருந்தது. அப்பா சொன்ன அன்று மார்க் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாயே. அது இதேதான்.

சுகப்பிரியா

*

27.8.2025

படித்தேன். மூன்று முறை.

நீ ஏன் கட்டில் காலைப் பார்த்தாய் என்று இப்போது தெரிகிறது. கொம்பையா அண்ணனுக்கு நான் எழுதியது போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது.

இனி எழுதாதே.

*

8.9.2025, திங்கள்

பிரபு,

எழுதாதே என்றாய். இது ஒரு தகவல் மட்டும். பதில் வேண்டாம்.

நேற்று வாலாஜாபாத் ரோட்டில் அந்த மனைக்குப் போனேன். ஷேர் ஆட்டோக்காரர் கேட் முன்னால் இறக்கிவிட்டு, "இங்க யாருமே இல்லியேம்மா, இன்னா வேல?" என்றார். உள்ளே சத்தம் கேட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் மீட்டிங்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றாலே நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன், உனக்குத் தெரியும். எட்டுப் பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். முகம் தெரியாததால் நடக்க முடிந்தது.

கொம்பையா அண்ணனிடம், பிரபு உங்களுக்கு எழுதியது உண்மையில்லை, நான் சீட்டு வைக்கவே இல்லை என்றேன். எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டார்கள். அவ்வளவு அமைதியில் மீதியையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லி முடித்ததும் ஒரு பையன், "எக்கா, எங்கம்மாவுக்கு மட்டும் இந்த ஐடியாவச் சொல்லிராதீய" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கொம்பையா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க மாத்துனது ஒரு தப்பு. அவன் பாக்காமச் சொன்னது ஒரு தப்பு. ஒண்ணக் கொண்டாந்து இன்னொண்ண அழிக்க முடியாது தங்கச்சி" என்றார்.

சரி என்றேன். திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி ஜூலையிலிருந்து மனதில் கிடந்தது. பல்லைக் கூட்டியபோது செயினிலும் இரண்டு கண்ணி கூட்டியிருந்தால் சக்கரம் முன்னால் வந்திருக்காதே, வண்டியும் நிலையாக நின்றிருக்குமே என்று கேட்டேன். அவர் வண்டியை விட்டு என் பக்கம் திரும்பினார். "அதத்தான் அவன்ட்டச் சொன்னேன். பழைய செயினே போதும்ணேன்னுட்டான். உங்களுக்கு யார் சொன்னா?" கோடு தெரிந்தது என்றேன்.

பிறகு ஒரு பையன் ஓட்டுவதைப் பார்த்தேன். முன் சக்கரம் மேலே நிற்கிறது. வண்டி நடை வேகத்தில் போகிறது. கொம்பையா பக்கத்திலேயே நடந்து போகிறார், கையை இருக்கைக்கு ஒரு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டு. பையனின் கால் பிரேக்கை விட்டு நகரவே இல்லை. மூச்சுவிடுகிற மாதிரி மிதித்து மிதித்து விடுகிறான். இவ்வளவு மெதுவாகச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. மெதுவாக எழுந்தால் மெதுவாக நிறுத்தலாம் என்று நீ எழுதியிருந்தாய். நான் அதில் கணக்கை மட்டும் படித்திருக்கிறேன்.

உன் நாற்பத்தெட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். வாங்கி, சாக்பீஸால் அதில் உன் பெயரை எழுதி ஆணியில் மாட்டினார். "தோளு சரியானதும் வரச் சொல்லுங்க. ஓட்டுததப் பெறவு பாப்போம். மொதல்ல எட்டு வண்டிக்கும் பல்லு எண்ணட்டும்."

தகவல் முடிந்தது.

சுகப்பிரியா

*

12.10.2025, ஞாயிறு
டூல்ஸ் பையில்

அக்காவுக்கு,

கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஊரிலிருந்து திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. வேறு கம்பெனி, அதே கான்ட்ராக்டர். அட்டையில் இந்தத் தடவை பெயர் சரியாக இருக்கிறது. கடிதம் எழுதினால் பாதியில் வலது தோள் வலிக்கிறது, அதனால் இடக்கையிலேயே எழுதுகிறேன், பழகிவிட்டது.

இன்றுதான் அண்ணன் ஓட்ட விட்டார். அதற்கு முன்னால் எட்டு வண்டி எண்ணினேன். நாற்பத்தெட்டு மாட்டி, இரண்டு கண்ணி கூட்டின வேறு செயின் போட்டேன். சக்கரம் பழைய கோட்டில்தான் நின்றது. முன் சக்கரம் ஒரு சாண்கூட எழவில்லை. அண்ணன் கூடவே நடந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் கழற்றி, பழைய செயினும் நாற்பத்து மூன்றும் மாட்டிக் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. ஒவ்வொரு வாரமும் முடியாது என்று எழுதினேன், முடிகிறது.

ஹேண்டிலில் ஒரு கார்டு கட்டியிருக்கிறேன். மஞ்சள் அட்டை கிடைக்கவில்லை, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. நான் எழுதியிருப்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதே. எண்ணிவிட்டுப் போடு.

பிரபு

*

13.10.2025, திங்கள்

பிரபு,

எண்ணினேன். சாக்பீஸ் குறி வைத்து இரண்டு முறை. ரத்தினம் அண்ணன் டோக்கன் பெட்டியை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "இன்னாமா, இனிமே டெய்லி எண்ணுவியா? பல்லு ராவுல மொளச்சிடுமா?" என்றார். முளைத்திருக்கிறது அண்ணே, ஒரு தடவை ஐந்து என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நாற்பத்து மூன்று. சக்கரம் கோட்டில் இருக்கிறது. செயின் தொய்வும் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கடிதம் இடக்கையில் எழுதியிருக்கிறாய். கார்டில் மாற்றியவர் என்ற இடத்தில் இருப்பது இடக்கை எழுத்து இல்லை. பு-வின் காலைக் கீழே இழுத்துவிட்டிருக்கிறாய், பள்ளிக்கூட நோட்டில் இழுப்பாயே அது மாதிரி. பெயரை மட்டும் வலது கையால் எழுதியிருக்கிறாய். வலித்திருக்கும்.

அதற்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டேன். அமலா ஏறிவிட்டாள். கிளட்சை மெதுவாகத்தான் விடுவேன்.

அக்கா